பழைய கார்களில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோக்களில் எது தேவலை? அதே வேலைக்குப் பின்னால் வந்த ஆல்டர்நேட்டருக்கு மாற்றத்தான் வேண்டுமா?

எத்தனை ஆம்பியர் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த வேகத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கும் என்று நான் முதலில் பார்ப்பேன். அப்பாவின் பழைய டாக்சியில் படித்த பாடம் இது.

எங்களுக்குச் செங்கோட்டை. புளியரை தாண்டி, மலை ஏறி, ஆரியங்காவு வழியாகத் தென்மலை, புனலூர் என்று சவாரி போவார். சாரல் காலத்து ராத்திரியிலும் ஏற்றம் தொந்தரவே இல்லை. இரண்டாவது கியரில் இன்ஜின் கதறும்போது டைனமோவும் நன்றாகச் சுற்றும். சோதனைச் சாவடியில் தடி லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போதுதான் வினை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எட்டிப்பார்க்கும், ஹெட்லைட் மஞ்சளாகும், வைப்பர் நொண்டும். அப்பா நியூட்ரலில் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருப்பார். அது 22 ஆம்பியர் டைனமோ. இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுக்கு ஏழரை ஆம்பியர். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 15-ஐ ஒட்டித்தான் வரும். கணக்குப்படி தாராளம். ஆனால் ஐடிலிங்கில் அது ஒன்றும் தராது.

காரணம் கம்யூட்டேட்டர், அதாவது சுழலும் பகுதியிலிருந்து கரண்டை வெளியே எடுக்கும் செம்பு வளையம். டைனமோவில் முழுக் கரண்டும் சுழலும் கம்பிச்சுற்றான ஆர்மேச்சரில் பிறந்து, அந்த வளையத்தில் உரசும் கார்பன் கட்டை வழியாக வெளியே வரவேண்டும். வேகத்தை ஏற்றினால் பொறி பறக்கும், கம்பிச்சுற்று பிதுங்கும். ஆகவே சின்ன புல்லி (பெல்ட் சக்கரம்) போட்டு ஐடிலிங்கிலேயே வேகமாகச் சுற்றவைக்க வழியில்லை.

அதற்கும் முந்தியவை இன்னும் மோசம். ஃபோர்டு மாடல் டி-யின் ஃபிளைவீலில் 16 காந்தம். அந்த மேக்னெட்டோவில் எரிந்த ஹெட்லைட் மெதுவாகப் போனால் மங்கும், விரட்டினால் பல்பு போகும். அப்புறம் வந்தது மூன்று கார்பன் டைனமோ. மூன்றாவது கார்பனை நகர்த்தித்தான் சார்ஜ் அளவை வைப்பார்கள். நடுவேகத்தில் உச்சம் தொட்டு, மேலே போகப்போகக் குறையும். பேட்டரி நிறைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. நெடுந்தூரம் போகிறவர்கள் பேட்டரி கொதிக்காமல் இருக்கப் பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டு ஓட்டினார்கள்! பேட்டரி ஒயர் கழன்றால் வோல்டேஜ் எகிறி பல்புகளுக்குச் சங்குதான். இரண்டு கார்பனோடு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டர் வந்தபிறகே நிம்மதி. டைனமோக்களில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஆல்டர்நேட்டரில் எல்லாம் தலைகீழ். பெருங்கரண்ட் அசையாத கம்பிச்சுற்றான ஸ்டேட்டரில் பிறக்கிறது. கார்பன் வழியாகப் போவது காந்தத்தை உண்டாக்கும் சில ஆம்பியர் ஃபீல்டு கரண்ட் மட்டும். தைரியமாகச் சின்ன புல்லி போடலாம், ஐடிலிங்கிலும் சார்ஜ் ஏறும். பேட்டரி கரண்ட் திரும்பி ஓடாமல், ஒரே திசையில் கரண்டை விடும் டயோடே தடுப்பதால், டைனமோவில் அந்த வேலையைச் செய்யும் கட்டவுட் என்ற தானியங்கி சுவிட்சும் வேண்டாம். சிலிக்கான் டயோடு கைக்கு எட்டிய பிறகுதான் இது நடந்தது. 1960-இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் வந்தது.

ராத்திரி ஓட்டம், ஊர் நெரிசல் என்றால் மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு டைனமோவே போதும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் சார்ஜ் ஏறவில்லையென்றால் உடனே கழற்றாதீர்கள். டைனமோவுக்குள் கரண்ட் பிறக்கத் தொடங்க உதவும் மிச்சக் காந்தம் செத்திருக்கலாம். டைனமோவின் எஃப் (F, ஃபீல்டு) முனையிலுள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் பாடியோடு சேராத முனையிலிருந்து ஓர் ஒயரை அங்கே ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி தெறிக்கும். ஒயரைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.