பி.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு கிரிப்டோகிராஃபி சரிப்படுமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். கிரிப்டோகிராஃபியில் (தகவலைச் சங்கேதமாக மறைக்கும் துறை) எம்.டெக். படிக்க ஆசை. 'கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களுக்கு அது சரிப்படாது' என்கிறார்கள். உண்மையா? இப்போதே எதில் தொடங்கலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கணிதம் இதில் தடையே இல்லை, அதுதான் முதல். சிக்கல் வேறு: மூன்றாண்டுப் பட்டத்தோடு நேராக எம்.டெக். சேர்வது கடினம், பி.இ. அல்லது முதுகலை கேட்பார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) 'கிரிப்டாலஜி அண்டு செக்யூரிட்டி' எம்.டெக்.குக்கு முயலலாம். வெளியூரில் தங்க வீட்டில் சம்மதித்தால், சென்னையை ஒட்டிய சிறுசேரி சி.எம்.ஐ.யில் (சென்னை கணிதவியல் நிறுவனம்) எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. நுழைவுத் தேர்வு அவர்களே நடத்துவது. எம்.டெக். சேர்க்கைக்கு உதவும் கேட் தேர்வை இந்த ஆண்டே எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதால் எம்.எஸ்சி. முடிக்கும்போதும் கைகொடுக்கும்.

தொடங்குவதற்கு, ஆர்.எஸ்.ஏ. என்ற மறைப்பு முறையைக் கையால் போட்டுப் பாருங்கள். பகா எண்கள் 5, 11, பெருக்கல் 55. எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவி 3, பெறுபவர் மட்டுமே வைத்திருக்கும் ரகசியச் சாவி 27. 7-ஐ மறைக்க 7-இன் மூன்றாம் அடுக்கு 343. 55-ஆல் வகுத்தால் மீதி 13. அந்த 13-ஐ 27-ஆம் அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் மீண்டும் 7 வரும். அடுக்கு முழுவதையும் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் வகுக்காதீர்கள். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்பும் மீதி எடுங்கள். இல்லையென்றால் நிஜ அளவுச் சாவிகளில் கம்ப்யூட்டர் திணறும்.

கணக்கு சரியாக வந்ததும் உடைத்துப் பாருங்கள். 7 எப்போதும் 13-ஆகவே மறைகிறது. செய்தி 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்றுதான் என்றால், எதிராளி பொதுச் சாவியால் இரண்டையும் மறைத்து ஒப்பிட்டாலே போதும். 55-ஐப் பகுக்கவே வேண்டாம். சாவியை 2048 பிட் ஆக்கினாலும் இந்த ஓட்டை அடையாது. ஒவ்வொரு முறையும் தற்செயல் பிட்டுகளைக் கலக்கும் ஓ.ஏ.இ.பி. முறை வந்தது இதற்காகத்தான். அந்தப் பிட்டுகளை பைத்தான் நிரல்மொழியின் 'ரேண்டம்' தொகுதியிலிருந்து எடுக்கக் கூடாது: அதன் 32 பிட் வெளியீடுகள் அடுத்தடுத்து 624 கிடைத்தால் மீதியை அப்படியே கணித்துவிடலாம். 'சீக்ரெட்ஸ்' தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

பாடத்தில் குலங்கள், முடிவுறு புலங்கள், நிகழ்தகவு மூன்றையும் விடாதீர்கள். மூன்றாவதைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். பாதுகாப்பு நிரூபணங்கள் வரும்போது அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: ஹேக்கிங் பழக, கல்லூரி வைஃபையில் சோதித்துப் பார்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, தாக்க ஒன்று, தாக்கப்பட ஒன்று என இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டுங்கள். நெட்வொர்க்கை 'ஹோஸ்ட் ஒன்லி' (லேப்டாப்புக்குள் மட்டும்) என்று வையுங்கள். 'பிரிட்ஜ்டு' என்று விட்டால் ஓட்டையுள்ள அந்தக் கணினி வைஃபையில் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.