தலைகீழாகப் பிடித்த கிட்டார்

ஐயாவுக்கு வணக்கம்,

போன மாதக் கட்டுரையில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து பாப் டிலன், ஜான் டென்வர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது, ஆனால் உச்சரிப்பு பாதிதான் பிடிபடுகிறது. இன்னொன்று, என் நண்பன் ‘அதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பாட்டு, கறுப்பர்களுடையது ப்ளூஸ் மட்டும்தான்’ என்கிறான். அது சரியா? உங்களுக்குப் பிடித்த பாடகர்கள் சிலரைச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

எனக்கும் ஆரம்பத்தில் சொற்கள் புரியவில்லை. கிட்டார் வாசிக்கும் விரல்களைக் கேட்டுத்தான் உள்ளே போனேன். அதனால் உங்களை எலிசபெத் காட்டனிடம் அனுப்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

வட கரோலினாவில் சேப்பல் ஹில் பக்கத்தில் பிறந்த கறுப்பினப் பெண். இடது கைப் பழக்கம். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோவை, தோல் போர்த்திய தந்தி வாத்தியம் அது, எடுத்து வாசித்துப் பழகினார். பிறகு வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு கிட்டார் வாங்கினார். வலது கைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிட்டார். தந்திகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். பொதுவாகக் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளை மீட்டும், மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். இவரிடம் அது இடம் மாறியது. விரல்கள் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ள, கட்டைவிரல் பாடியது. ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும்.

சிறுமியாக இருந்தபோதே ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ என்ற பாட்டைக் கட்டினார். வீட்டருகே ஓடிய சரக்கு ரயில்தான் பொருள். செத்த பிறகும் ரயில் சத்தம் கேட்கிற இடத்தில் என்னைப் புதையுங்கள் என்று கேட்கிற பாட்டு. அப்புறம் கல்யாணம், குழந்தை. உலகியல் பாட்டு வேண்டாம் என்று தேவாலயத்தில் சொன்னதால் கிட்டாரை வைத்துவிட்டார். வைத்தது வைத்ததுதான், பல பத்தாண்டுகள்.

பிறகு வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர், தாய் இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர். நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதே வேலையாக இருந்த குடும்பம் அது. அந்த வீட்டுக்கே சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் போனார் காட்டன். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் வேலைக்கார அம்மாவுக்கு என்ன தெரியும் என்பது வீட்டாருக்குத் தெரிந்தது. மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958இல் முதல் இசைத்தட்டு வந்தது. காட்டன் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டே ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ இங்கிலாந்தில் வேறு ஆட்களின் பெயரில் பிரபலமாகியிருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, கிராமி விருது வாங்கினார்.

அடுத்து மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாய வேலையில் இருந்துவிட்டார். ஒரு பாட்டில் அவலான் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே 1963இல் ஓர் இளைஞர் தேடிப் போய் அவரைக் கண்டுபிடித்தார். இவ்வளவு மென்மையான குரலில் ப்ளூஸ் இருக்க முடியும் என்பது இவரைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது பாட்டில் இருந்த பிரிவு இல்லை, கடையில் செய்த பிரிவு. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்கள் பாடியதை ‘ரேஸ்’ (இனம்) என்றும் தென்பகுதி வெள்ளையர் பாடியதை ‘ஹில்பில்லி’ (மலைநாட்டுப் பட்டிக்காட்டான்) என்றும் தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றன. பாஞ்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த அதன் மூதாதை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்தது.

கார்ட்டர் குடும்பத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, அப்புறம் மேபெல். சாராவுக்கு மேபெல் உறவில் தங்கை, ஓரகத்தியும்கூட. 1927 ஆகஸ்டில் வர்ஜீனியா மலைப்பகுதியிலிருந்து பிரிஸ்டல் நகருக்கு வந்து முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். மேபெலுக்கு அப்போது வயது 18. ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ பாட்டில் அவருடைய கட்டைவிரலைக் கவனியுங்கள், கனத்த தந்திகளில் மெட்டை நடத்திக்கொண்டு போகும். பிறகு ஏ.பி. பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். மேபெலும் அவரிடம் வாசிப்பு நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார். இசைத்தட்டில் ரிடிலின் பெயர் இல்லை. 1960களில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்தவர் அதே மைக் சீகர்தான்.

நம் காலத்தில் கறுப்பினப் பாடகி ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் எண்பது வயதைத் தாண்டிய ஜோ தாம்ப்ஸன் என்ற கறுப்பின ஃபிடில் (வயலின்) கலைஞரின் வீட்டுக்குப் போய், கூட உட்கார்ந்து வாசித்தே கற்றார்கள். அந்தக் குழுவின் பெயர் கரோலினா சாக்லேட் டிராப்ஸ். நண்பருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

சொற்கள் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்ததும் ஜான் ப்ரைன். சிகாகோ பக்கம் தபால்காரராக இருந்தவர், தபால் போட நடந்துகொண்டே பாட்டுக் கட்டியவர். 1971இல் வந்த முதல் இசைத்தட்டில் ‘பாரடைஸ்’ என்று ஒரு பாட்டு உண்டு. கென்டக்கியில் அவருடைய பெற்றோரின் பூர்வீகப் பகுதியில் இருந்த ஓர் ஊரை நிலக்கரிக்காகத் தோண்டி அழித்த கதை. அதே தட்டில் ‘ஹலோ இன் தேர்’, முதியவர்களின் தனிமையைப் பற்றியது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவர் இதை எப்படி எழுதினார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். 2020 ஏப்ரலில் கோவிட் அவரைக் கொண்டுபோனது. அன்று இரவு முழுக்க அவருடைய பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று போதும் என்றால் காட்டனின் ‘ஷேக் ஷுகரி’. கிட்டார்தான் காட்டன், பாடுவது அவருடைய பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிய வரிகள். வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் அடகு வைத்தாயிற்று, என்னிடம் இருந்த எல்லாம் அடகுக்குப் போயாயிற்று என்று அந்தப் பெண் சிணுங்காமல் பாடிக்கொண்டே போகிறாள். குழந்தைகளின் ஆங்கிலம் அது. உங்களுக்குப் புரியாத வரி ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.