பேனாவை மூடிவிட்டு வாசியுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம். எனக்கு வயது 23. மிஷனரிப் பயிற்சியில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. வாலிபர் முகாம் ஒன்றில் என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். அந்த நாட்களில் அதிகாலையில் எழுந்து கண்ணீரோடு ஜெபிப்பேன். வேதத்தைத் திறந்தால் மூட மனம் வராது. இப்போது முழங்கால்படியிட்டால் பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. ஒரு வசனத்தைப் பார்த்தால் பரீட்சைக்கு எப்படி எழுதுவது, பிரசங்கத்தில் எப்படிப் பிரிப்பது என்றுதான் புத்தி ஓடுகிறது. மொழியியல், ஒலிப்பியல், முதலுதவி என்று வகுப்புகளிலேயே நாள் முடிகிறது. ஒரு மிஷனரி தினமும் எத்தனை மணி நேரம் ஜெபிக்க வேண்டும்? என் அழைப்பு உண்மைதானா? என் அறையில் இருக்கும் சகோதரனோடு ஒரு மனஸ்தாபத்தால் நான்கு மாதமாகப் பேசுவதில்லை, அதனால் அறையிலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தம்பி, மணிக்கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். என்னிடம் எண் எதுவும் இல்லை. ஆண்டவர் ஒரு ராமுழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. அதே ஆண்டவர் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்தால், தீர்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவும் அவர் முன்னால் இருப்பதுதான்.

மற்ற இரண்டும் அப்படிச் சட்டென்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நான் பயிற்சியில் இருந்தபோது எனக்கு 24 வயது. வேதம் வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருக்கும். ஒவ்வொரு அதிகாரத்தையும் மூன்று குறிப்புகளாகப் பிரித்து, மூன்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் தலைப்பு கொடுத்துவிடுவேன். எட்டு மாதத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின. அது ஆவிக்குரிய வளர்ச்சி என்றே மனதார நம்பினேன். எங்களுக்குப் பொறுப்பாயிருந்த மூத்த சகோதரி ஒருநாள் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கி, சங்கீதம் 51 இருந்த பக்கத்தைத் திறந்தார். "இதில் என்ன இருக்கிறது?" என்றார். மூன்று தலைப்பையும் சொன்னேன். "சரி, இது சபைக்கு. உனக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தாவீது அழுத சங்கீதத்துக்கு நான் அழகாகத் தலைப்பு போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. நோட்டுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, "ஒரு மாதம் காலையில் பேனா தொடாதே. பிலிப்பியர் நிருபத்தை மட்டும் வாசி. நாலே அதிகாரம்தான். தினமும் முழுவதும் வாசி. யாருக்கும் சொல்வதற்காக வாசிக்காதே" என்றார்.

முதல் வாரம் கை துறுதுறுத்தது. இரண்டாம் வாரம் சலிப்பு வந்தது. அப்புறம் ஒரு காலையில் நாலாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் நின்றுவிட்டேன். எயோதியாளும் சிந்திகேயாளும் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும் என்று பவுல் புத்தி சொல்கிற இடம். அதுவரை அவை எனக்கு வாயில் நுழையாத இரண்டு பெயர்கள். அன்றைக்குத்தான் அடுத்த வசனம் கண்ணில் பட்டது. அந்த இரண்டு பேரும் சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பிரயாசப்பட்டவர்கள். ஊழியக்காரிகள். ஊழியமும் செய்தார்கள், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவும் இல்லை. அவர்களுடைய சண்டை, சபை நடுவே வாசிக்கப்பட்ட கடிதத்திலேயே ஏறிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. எனக்கும் அப்போது ஒரு சிந்திகேயாள் இருந்தாள். ஒரே வகுப்பு, பக்கத்துக் கட்டில். அவளைப் பற்றி என் நான்கு நோட்டிலும் ஒரு வரி கிடையாது.

தம்பி, உங்கள் கடிதத்தில் அறைச் சகோதரனைப் பற்றிய வரியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உட்கார இடமில்லை என்கிற காரணமாக. என் பதிலை நான் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். நான்கு மாதம் என்பது சின்ன காலம் இல்லை.

மிஷனரி ஹட்சன் டெய்லர் சீனாவுக்குப் போகுமுன் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராக இருந்தார். அப்போது உங்களைவிட இளையவர். சீனாவில் தேவனை மட்டுமே நம்பி வாழப் பழக வேண்டும் என்று, வசதியான இடத்தை விட்டு ஏழைகள் குடியிருந்த பகுதியில் ஓர் அறை எடுத்து, எளிய உணவில் வாழ்ந்தார். ஒரு ஞாயிறு இரவு ஏழை மனிதர் ஒருவர் வந்து, சாகக் கிடக்கும் தன் மனைவிக்காக ஜெபிக்கக் கூப்பிட்டார். டெய்லரின் பையில் இருந்தது ஒரே நாணயம், இரண்டரை ஷில்லிங். சில்லறையாக இருந்தால் ஒரு ஷில்லிங் கொடுத்திருக்கலாமே என்று எண்ணிக்கொண்டே போனார். அந்த வீட்டில் பசித்த பிள்ளைகளைப் பார்த்தார், பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குழந்தையைப் பார்த்தார். தேவன் அன்பான தகப்பன் என்று ஆறுதல் சொன்னார். பிறகு முழங்கால்படியிட்டு "எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். மேலே போக முடியவில்லை. பையில் நாணயத்தை வைத்துக்கொண்டு எப்படி அவரைத் தகப்பன் என்று கூப்பிடுவது என்று மனச்சாட்சி கேட்டது. ஒருவழியாக ஜெபத்தை முடித்தார். கடைசியில் நாணயத்தை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவர் மனம் லேசானது.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள், மறுநாள் காலை தபாலில் அவருக்கு அதைவிடப் பெரிய பொற்காசு வந்ததைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வந்தது உண்மைதான், அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தொண்டையில் சிக்கின அந்த ஜெபம். அவருக்கு ஜெபிக்கத் தெரியாமலில்லை, நேரம் இல்லாமலுமில்லை. ஒரு நாணயம் குறுக்கே நின்றது.

உங்கள் பையில் இருக்கிற நாணயம் அந்தச் சகோதரன் என்று நினைக்கிறேன். யார்மேல் தப்பு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தேயு 5:23, 24-ஐ எடுத்துப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் போதும், போக வேண்டும். யார் தொடங்கினார்கள் என்ற பேச்சே அங்கே இல்லை.

நான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. முப்பத்தொரு வருடம் ஊழியத்தில் இருந்தேன். களத்தை விட்டுத் திரும்பினவர்கள் பலரைத் தெரியும். காய்ச்சலுக்குத் திரும்பினவர்கள் உண்டு, எதிர்ப்பினால் திரும்பினவர்களும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில், கூட இருந்த ஊழியரோடு ஒத்துப்போக முடியாமல் திரும்பினவர்கள்தான் அதிகம். பவுலும் பர்னபாவுமே மாற்கு விஷயத்தில் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்களே (அப்போஸ்தலர் 15:39). களத்தில் உங்களோடு ஒரே ஒரு குடும்பம் இருக்கலாம். முகம் திருப்பிக்கொண்டு போய் உட்கார வேறு கூட்டம் இருக்காது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவுக்குப் போனார். முதல் ஆத்துமா ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். அந்த ஆறு வருடங்களை நினைத்துப் பாருங்கள். முகாமில் பாட்டும் கூட்டமும் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே யாரும் தூக்க மாட்டார்கள்.

அதற்காக, எல்லா வறட்சிக்கும் ஏதோ பாவம்தான் காரணம் என்று உள்ளே தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள். அமெரிக்காவில் செவ்விந்தியர் நடுவே ஊழியம் செய்து 1747-ல், 29 வயதில் மரித்த டேவிட் பிரெய்னர்டின் நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் சோர்வும் வறட்சியும் இருக்கும். காசநோயோடு காட்டில் அலைந்த மனுஷன். பின்னாளில் இந்தியாவுக்கு வந்த ஹென்றி மார்ட்டினை மிஷனரி ஊழியத்துக்குத் தூண்டியவற்றில் அந்த வாழ்க்கைக் குறிப்பும் ஒன்று. வறண்ட காலையிலும் பிரெய்னர்ட் ஜெபத்துக்குப் போனார், வறண்டதை வறண்டது என்றே எழுதினார். நீங்கள் தூங்குகிறீர்களா, உடம்பு நன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தூக்கம் கெட்டவனுக்குக் காலையில் கண்ணீர் வராது, கொட்டாவிதான் வரும். அது அழைப்பு போய்விட்டதற்கு அடையாளம் இல்லை.

வகுப்புகளை ஜெபத்துக்கு எதிரியாக வைக்க வேண்டாம். நான் போன இடத்தின் மொழியில், ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். ஒலிப்பியல் வகுப்பை நான் அசட்டையாக எடுத்துக்கொண்டதால், "மன்னிப்பு" என்று சொல்வதாக நினைத்து ஏழு மாதம் வேறொரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா என் மோவாயைப் பிடித்துத் திருத்தினார். அந்த ஏழு மாதத்தில் என்னைக் கேட்டவர்களுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். ஒலிப்பியலை நன்றாகப் படியுங்கள். மக்கள்மேல் உள்ள அன்புதான் அங்கே நாக்கைப் பழக்குகிறது.

அழைப்பைப் பற்றி ஒன்று. பவுல் தமஸ்குவில் அழைக்கப்பட்டார். அந்தியோகியா சபை அவர்மேல் கை வைத்து அனுப்பியது பல வருடம் கழித்து. நடுவே அரபி தேசம், சொந்த ஊரான தர்சு. அங்கே அவர் எப்படி ஜெபித்தார், என்ன உணர்ந்தார் என்று வேதம் நமக்குச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது இருப்பது அப்படிப்பட்ட வருடங்களில்தான். முகாமில் அழுத கண்ணீர் திரும்ப வந்தால்தான் அழைப்பு நிஜம் என்று ஆண்டவருக்கு நிபந்தனை போடாதீர்கள். உங்களை நன்கு அறிந்த போதகரிடமும் பயிற்சிப் பொறுப்பாளரிடமும் மனம் விட்டுப் பேசுங்கள். அழைப்பைத் தனியாக உட்கார்ந்து நிறுத்துப் பார்க்க நம்மால் முடியாது. அந்தியோகியாவிலும் சபையாகத்தான் உபவாசித்து அறிந்துகொண்டார்கள்.

காலை வாசிப்புக்குப் பிலிப்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள், பேனா இல்லாமல். பரீட்சைக்குப் படிக்கிற வேதப் பாடத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தொடங்கும் முன், இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே, அந்தச் சகோதரனிடம் போய்ப் பேசுங்கள். நீளமாக விளக்க வேண்டாம். "நான் பேசாமல் இருந்தது தப்பு" என்கிற ஒரு வாக்கியம் போதும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, நீங்கள் போயிருப்பீர்கள்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் நான் போனபோது அவள் உடனே பேசவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் பேசினாள். இன்றைக்கும் மாதம் ஒருமுறை கடிதம் எழுதுகிறாள்.

பேசியபின் எனக்கு எழுதுங்கள். பத்திரிகையில் போட மாட்டேன். உங்கள் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டு பேருக்காகவும் ஜெபிக்க வேண்டும்.