ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டும் ‘நோ சிக்னல்’ வருதா? கேபிளை வேற போர்ட்ல மாத்தி மாட்டுங்க

1650 கார்டு மாட்டியும் மானிட்டர்ல ‘நோ சிக்னல்’னு வருது, கார்டு போயிடுச்சான்னு கேட்டு போட்டோ போட்டிருக்கீங்க. பதறாதீங்க ப்ரோ, கார்டு போயிருக்காது. அந்த போட்டோல மானிட்டருக்குப் போற எச்டிஎம்ஐ கேபிள் மேல யூஎஸ்பி பக்கத்துல இருக்குற மதர்போர்டு (கம்ப்யூட்டரோட மெயின் போர்டு) போர்ட்லதான் சொருகியிருக்கு. உங்க பிராசசர் இன்டெல் ஐ5 12400எஃப்னு சொல்றீங்க, கடைசில எஃப் இருந்தாலே உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்லன்னு அர்த்தம், அதனால அந்த போர்ட்ல என்ன சொருகினாலும் படம் வரவே வராது, போர்டுல ஓட்டை மட்டும்தான் இருக்கு படம் அனுப்ப உள்ள ஆள் இல்ல. கேபிளை எடுத்து கீழ படுக்கை வாட்டத்துல இருக்குற கார்டு போர்ட்ல மாட்டுங்க. அப்பவும் வரலன்னா கார்டு மேல 6 பின் பவர் சாக்கெட் இருக்கான்னு பாருங்க, சில 1650ல இருக்கும் சிலதுல இருக்காது, இருந்தா பவர் சப்ளைலேர்ந்து ஒயர் கண்டிப்பா குடுக்கணும். மாட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.