அம்மாவின் மாத்திரைக்கு மாதம் 42 ஆயிரம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 19,500. அப்பா இல்லை. அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்க்கிறோம். 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி, பிறகு மறுபடி 21 நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனை மெடிக்கலில் அந்த 21 மாத்திரைக்கு 42 ஆயிரம் ஆகிறது. இதே மருந்து வேறு கம்பெனியில் இதில் கால்வாசிகூட ஆகாது என்று அங்கே சிகிச்சைக்கு வந்த இன்னொருவர் சொன்னார். வெளிக் கடையில் கேட்டால் சீட்டில் உள்ள பெயரைத் தவிர வேறு தர மாட்டோம் என்கிறார்கள். மருத்துவமனையோ வெளி மருந்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது. 6 வருடமாகக் கட்டிவரும் மெடிக்ளெய்ம் பாலிசியிலும் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் நகையை அடகு வைத்துச் சமாளித்தாயிற்று. விலையைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போட முடியுமா? சீட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது 19,500 என்ற தொகையில். வழக்கைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்கிறதா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இருந்தால், அவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 150 ரூபாய்கூட வராது. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மகனை நம்பி வாழும் அம்மாவும் இதில் குடும்பத்தில் சேர்த்திதான், அவருடைய சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால் போதும். புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைக்குக் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அது நிறைவேறிவிட்டால் இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பே கிடையாது. நம் பக்கத்தில் இது பலருக்குத் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. என்றால் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் இடம் என்று நினைத்துவிட்டு, கடன் வாங்கித் தனியாரிடம் போகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

ஆகவே நாளைக்கே கம்பெனி அலுவலகத்தில் உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேளுங்கள், அதில் அம்மாவின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சேராவிட்டால் ஆதாரோடு சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அம்மாவின் பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே இந்தப் பிராண்டே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதே மருந்து வேறு கம்பெனியுடையதாக வரலாம். பிடித்தமே இல்லை என்று தெரியவந்தால், பதிவு செய்யாதது முதலாளியின் தவறு. உங்கள் வேலைக்கான ஆதாரங்களோடு, அதாவது சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, வருகைப் பதிவின் படம் போன்றவற்றோடு, இ.எஸ்.ஐ. கழக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுவீர்கள், அது நியாயமான பயம். முதலில் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் தன்மையாகப் பேசிப் பாருங்கள், பல இடங்களில் அதிலேயே முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது மாத்திரை. சீட்டில் இருப்பது ஒரு பிராண்டின் பெயர். அதற்குள் இருக்கும் மருந்து பால்போசிக்லிப். இந்தியாவில் இதன் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதிலிருந்து பல இந்திய நிறுவனங்கள் இதே மருந்தை மிகக் குறைந்த விலைக்கு விற்கின்றன. உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் கடைக்காரர் ஏன் தர மறுக்கிறார்? அவர்மேல் கோபப்படாதீர்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11-ஏ) என்று ஒரு விதி இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளைப் பொறுத்தவரை, எழுதியிருக்கும் தயாரிப்புக்குப் பதிலாக வேறொன்றை, உள்ளே இருப்பது ஒரே மருந்தாகவே இருந்தாலும், மருந்தாளுநர் கொடுக்கக் கூடாது. அவர் மாற்றிக் கொடுத்தால் அவர் உரிமத்துக்குத்தான் ஆபத்து. ஆக, பூட்டு கடையில் இல்லை, சீட்டில் இருக்கிறது, அதைத் திறக்கக்கூடியவர் டாக்டர் ஒருவர்தான். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், 2016 திருத்தத்துக்குப் பிறகு, மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்றே சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் இதையே இன்னும் கடுமையாக்கித் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது. 2002 விதி இப்போதும் இருக்கிறது.

அந்த விதியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போகச் சொல்லவில்லை. அம்மாவை மாதாமாதம் பார்க்கப்போகிறவர் அவர். "டாக்டர், இந்த விலைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் எங்களால் முடியாது, மருந்து நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் எழுதித் தாருங்கள், நீங்கள் நம்பும் கம்பெனி இரண்டு மூன்று சொன்னால் அதிலேயே வாங்குகிறோம்" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மருத்துவக் காரணம் சொல்லி மறுத்தால் அந்தக் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் மறுத்தால் மட்டும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் என்ற வழி இருக்கிறது. நீங்களாகவே மாற்றுவது, பணம் இல்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பது, இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

"வெளி மருந்துக்குப் பொறுப்பில்லை" என்று மருத்துவமனை சொல்வது பற்றி. நோயாளி மருந்தை எங்கே வாங்குவது என்று தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைத்து உடனே மருத்துவமனைக்குத் தண்டனை வாங்கித் தரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவமனைகள் தங்கள் மருந்தகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்தும் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 4 அன்று நீதிமன்றம் தானாகத் தடை எதுவும் போடாமல், மாநில அரசுகள் கொள்கை முடிவு எடுக்கட்டும் என்று வழக்கை முடித்துவைத்தது. எனக்கு இதில் வருத்தம்தான், பாதிக்கப்பட்டவர்களுக்கு அன்று ஒரு பிடிமானம் கிடைத்திருக்கலாம். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் நிலைமை எளிது. அம்மா உள்நோயாளியாக இல்லை, மாத்திரை வீட்டில்தான். வெளியில் வாங்க மருத்துவமனையின் அனுமதியே தேவையில்லை, சரியான சீட்டு இருந்தால் போதும். உரிமம் பெற்ற கடையில், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பில்லோடு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் வேண்டாம், புற்றுநோய் மருந்தில் போலிகள் பிடிபட்டிருக்கின்றன.

ஒருவேளை டாக்டர் இந்தப் பிராண்டேதான் வேண்டும் என்று மருத்துவக் காரணத்தோடு சொன்னால், அப்போதும் 42 ஆயிரத்தை அப்படியே எண்ணி வைக்க வேண்டியதில்லை. அட்டையில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை, அதற்குக் குறைவாக விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தில் 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, மருந்து மற்றும் உபகரணங்களில் லாபம் சில இனங்களில் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. குறைத்துக் கேட்க இடம் இருக்கிறது, தைரியமாகக் கேளுங்கள். புற்றுநோய் மருந்துகளை விற்கும் வெளி மொத்தக் கடைகளிலும் மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களிலும் இதே பிராண்டின் விலையை விசாரியுங்கள். மருந்துக் கம்பெனிகளே நடத்தும் நோயாளர் உதவித் திட்டங்கள் உண்டு, இத்தனை மாதம் வாங்கினால் இத்தனை மாதம் இலவசம் என்ற மாதிரி. டாக்டர் கையெழுத்தில்லாமல் அதில் சேர முடியாது, அதனால் அதையும் அவரிடமே கேளுங்கள். நான்கு மாத பில்லும் பத்திரமாக இருக்கட்டும்.

விலையைக் குறைக்க வழக்கு? அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கியிருந்தால் கூட அது குற்றம், விலை ஆணையத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுக்கலாம். அரசு உச்சவிலை நிர்ணயிக்காத மருந்துகளின் விலையைக் கம்பெனி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆனால் ஆரம்ப விலையே அதிகம் என்பதற்காக ஒரு குடும்பம் தனியாக வழக்குப் போட்டு வெல்வது மிகக் கடினம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்துக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமில்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதி கொடுத்து, மாதம் 2.8 லட்சமாக இருந்ததை 8,800 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்டு வாங்கியது இன்னொரு மருந்து நிறுவனம், நோயாளி அல்ல. கேரளத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண், உங்கள் அம்மாவின் மருந்தைப் போன்றே செயல்படும் ரிபோசிக்லிப் என்ற காப்புரிமை மருந்தின் விலைக்காக உயர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வருமுன்பே, 2022இல், அவர் இறந்துவிட்டார், நீதிமன்றம் வழக்கைத் தானாக முன்வந்து தொடர்ந்தது. அப்படிப்பட்ட வழக்குகள் நடக்க வேண்டும், ஆனால் அடுத்த மாத மாத்திரைக்கு அவை வழி செய்யாது.

கடைசியாக இன்சூரன்ஸ். போனில் சொன்னதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கிளெய்ம் படிவத்தைப் பூர்த்தி செய்து, சீட்டு, அசல் பில்களோடு அனுப்புங்கள். மறுப்பதென்றால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் தரட்டும். பாலிசியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான செலவு எத்தனை நாளுக்கு என்பது. 60 நாள், 90 நாள், சிலவற்றில் 180 நாள்கூட இருக்கும். அம்மா எப்போதாவது உள்நோயாளியாக இருந்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து அந்த நாட்களுக்குள் அதே நோய்க்கு வாங்கிய மாத்திரைக்குப் பணம் கேட்கலாம். இதை நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, நவீன சிகிச்சைகள் என்ற பகுதி. வாய்வழிக் கீமோதெரபியைக் காப்பீட்டிலிருந்து முழுதாக ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனி இரண்டு வாதம் வைக்கும்: இது கீமோ அல்ல, புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைக் குறிவைக்கும் இலக்கு சார்ந்த மருந்து என்று ஒன்று, மருத்துவமனையில் தரப்படவில்லை என்று இன்னொன்று. இரண்டுமே பலமான வாதங்கள்தான், அதனால் இந்தப் பகுதியில் வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன், முயற்சிக்கச் சொல்வேன்.

மறுப்புக் கடிதம் வந்ததும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கவும் முடியாது, பாலிசி உங்கள் பெயரில் என்றால் நீங்களே பேச வேண்டும். 50 லட்சம் வரை அவர் தீர்ப்பு சொல்லலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒரு எச்சரிக்கை: அவசரப்பட்டு முதலில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். வரிசை மாறாமல் போங்கள், அங்கே சரிப்படாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கவே இருக்கிறது, கொடுத்த பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கும் கட்டணம் கிடையாது. வழக்கு என்று வந்தால் அம்மாவுக்கு, பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

இப்போது மாத்திரை இடைவெளியில் இருக்கிறீர்களா, நடுவில் இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அடுத்த அட்டை வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், போகும்போது அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். இ.எஸ்.ஐ. எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அங்கே யாராவது அலைக்கழித்தால் யாருக்கு எப்படி மனு எழுதுவது என்று நானே வரைந்து அனுப்புகிறேன்.