ஆள் எழுதியதா, ஏஐ எழுதியதா? சுங்கை சிப்புட் வாசகர் கேள்விகள்

இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வட்டாரப் புலனக்குழுக்களை (வாட்ஸ்அப் குழுக்களை)ப் பற்றியவை: முன்னாள் தோட்டத்தார் குழு, ஆலயக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கே: வாக்கியத்தின் நடுவே நீளமான கோடு வந்தால் அது ஏஐ எழுதியது என்கிறார்களே, உண்மையா? (ஜாலோங்)

ப: இல்லை. அச்சுத் தமிழில் அந்தக் கோடு ஏஐ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. இரண்டு சிறு கோடு தட்டினால் தானே நீளக் கோடாக்கிவிடும் கைப்பேசிகளும் உண்டு.

கே: எங்கள் தோட்டத்து முன்னாள் மக்கள் குழுவில் ஒருவர் வாரம் ஒரு நினைவுக் கட்டுரை போடுகிறார். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது. எதை வைத்துக் கண்டுபிடிப்பது? (ஹீவுட்)

ப: நடையை விடுங்கள், வேலையைப் பாருங்கள். பால்மரக் (ரப்பர்) காட்டில் உழைத்தவருக்கு மணியும் மழையும் தப்பாது. விடியுமுன் மரம் வெட்டுவதற்குக் காரணம் உண்டு: வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். ஆகவே "உச்சி வெயிலில் பால் வெட்டிய அம்மா" என்று வந்தால் அங்கேயே நின்று மறுபடி படியுங்கள். "கொட்டும் மழையில் நனைந்தபடி மரம் வெட்டினார்" என்பது ஏஐக்கு மிகவும் பிடித்த காட்சி. பட்டை நனைந்தால் பால் கோட்டு வழியே இறங்காமல் மேலெல்லாம் பரவும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் நிறையும். அன்று வெட்டு கிடையாது. தோட்டத்தில் மழை என்றால் காசு போன நாள். அந்தக் கவலை ஏஐ எழுதிய கதையில் வராது. செம்பனைக் குலையைத் தென்னை போல ஏறிப் பறித்தார் என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாள், யாரும் ஏறுவதில்லை.

அடுத்து சொற்கள். மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, ஆயாக்கொட்டாய், கிராணி, மண்டோர் என்று எழுதுவார் தோட்டத்து மனிதர். ஏஐ எழுதினால் கோப்பை, காலை வருகைப் பதிவு, குழந்தைகள் காப்பகம், மேற்பார்வையாளர் என்று வரும். சம்பளம் வெள்ளியில் (ரிங்கிட்டில்) வராமல் ரூபாயில் வரும். சில சமயம் பேராக் பால்மரக் காட்டுக்குள் இலங்கைத் தேயிலைக் கொழுந்தே வந்து உட்கார்ந்துவிடும். ஏஐ படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எழுதப்பட்டது, அதனால்.

ஆனால் ஓர் அடையாளம் போதாது, மூன்று அடையாளமாவது வேண்டும். தாத்தா சொன்னதைப் பேரன் ஏஐயிடம் கொடுத்துத் திருத்தினால் மங்கு கோப்பையாகிவிடும். தாத்தா சொன்னது பொய்யாகாது. மறுபுறம், மரம் வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் என்பதை ஏஐயும் சொல்லும், அது பாடநூலில் இருக்கிறது. ஆகவே பாடநூலில் இல்லாததைக் கேளுங்கள்: உங்கள் நிரைக்குப் பக்கத்து நிரை யாருடையது, பால் ஸ்டோருக்கு எந்த வழியாகப் போவீர்கள், மண்டோருக்கு என்ன பட்டப்பெயர். குரல் பதிவில் பதில் கேளுங்கள். உண்மையாக வாழ்ந்தவர் கேட்டதற்கு மேல் நாலு விஷயம் சொல்வார், குழுவில் இன்னொருவர் "அது அப்படி இல்லையே" என்று மறுப்பார். அந்த வாக்குவாதத்தைவிட நல்ல சோதனை இல்லை.

கே: சந்தேகப்பட்ட கட்டுரையை சாட்ஜிபிடியிடமே கொடுத்து "நீ எழுதியதா" என்று கேட்டேன். ஆம் என்றது. இது போதாதா? (சாலாக்)

ப: போதவே போதாது. தான் எழுதிய எல்லாவற்றையும் அது பதிவேடு வைத்துப் பார்ப்பதில்லை. கேள்விக்கு ஏற்ப ஒரு பதில் சொல்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு விரிவுரையாளர் இப்படிக் கேட்டு ஒரு வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணை நிறுத்திவைத்தது உலகச் செய்தியானது. தயவுசெய்து இதை இங்கே செய்யாதீர்கள்.

கே: மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். போட்டிக்கு அவளே எழுதிய கட்டுரையை ஒரு செயலியில் போட்டுப் பார்த்து "87 விழுக்காடு ஏஐ" என்று தள்ளிவிட்டார்கள். என்ன செய்வது? (லிந்தாங்)

ப: இந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்: விழுக்காட்டை நம்பாதீர்கள்.

அந்தச் செயலிகளில் பெரும்பாலானவை செய்யும் வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கிறது. ஊகம் அடிக்கடி பலித்தால், வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால், ஏஐ என்கிறது. எழுதியது யார் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. இப்போது நம் பிள்ளைகளின் கட்டுரையைப் பாருங்கள். முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை. செய்யுளும் மொழியணியும் பகுதியில் படித்த பழமொழி ஒன்று, இரட்டைக்கிளவி ஒன்று, குறள் ஒன்று. இப்படி எழுதத்தான் நாம் சொல்லிக்கொடுத்தோம். சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக எழுதிய பிள்ளைதான் முதலில் மாட்டுகிறாள்.

ஆங்கிலத்திலேயே இவை தடுமாறுகின்றன. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு செயலிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை ஏஐ என்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் கால்வாசியைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டின் மீது தவறாகப் பழி போட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மாணவர் கட்டுரைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் செயலியின் ஏஐ கண்டறிதலை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 75,000 கட்டுரையில் 750 மீது வீண்பழி விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். பல்கலைக்கழகமே பயந்து ஒதுக்கியதை ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் மேல் பாய்ச்சுகிறோம்.

தமிழில் இன்னும் மோசம். கருவிக்குத் தமிழ் தெரியாது என்றால் சிலர் கட்டுரையை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சோதிக்கிறார்கள். மாற்றியது இயந்திரம். இயந்திரம் எழுதிய ஆங்கிலத்தைக் கொடுத்து இது இயந்திரமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? அந்தப் பழியைப் பிள்ளை சுமக்கிறாள்.

செய்ய வேண்டியது: ஏற்பாட்டாளர்களிடம் எழுத்து மூலம் நான்கு கேளுங்கள். எந்தச் செயலி? அது தமிழைச் சோதிக்கும் என்று அதன் நிறுவனம் எங்கே சொல்கிறது? மொழிபெயர்த்துப் போட்டார்களா? எத்தனை சொல் போட்டார்கள்? 300 சொல்லுக்குக் குறைந்தால் டர்னிட்டினே மதிப்பிடுவதில்லை. ஆறாம் ஆண்டுக் கட்டுரை அந்த நீளத்தைத் தொடுவதே அரிது. பிறகு கரட்டுப்படியைக் கொண்டுபோங்கள்: அடித்தல் திருத்தலோடு உள்ள தாள். கூகல் டாக்ஸில் தட்டச்சு செய்திருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டுங்கள், அரைமணி நேரம் சொல் சொல்லாக வளர்ந்ததா, ஒரே நொடியில் முழுதும் வந்து விழுந்ததா என்று தெரியும். கடைசியாக, அதே போன்ற தலைப்பில் பத்து வரி கையால் எழுத வாய்ப்புக் கேளுங்கள். அதன்பின் கட்டுரையைப் பற்றி வாய்மொழியாக இரண்டு மூன்று கேள்வி: இந்தக் குறளை ஏன் எடுத்தாய், எதை எழுதிவிட்டு அடித்தாய். கூச்சப்படும் பிள்ளை உண்மையாக எழுதியிருந்தாலும் திணறும். அவளுடைய வகுப்பாசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன், ஏஐயா என்று மட்டும் சொல்லுங்கள்.

ப: இரண்டு வரி, மேலும் கீழும் வெட்டிய திரைப்பிடிப்பு. யார் எப்போது எதற்குப் பதிலாக எழுதினார் என்று எதுவும் இல்லை. இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது, சொல்பவர் ஏமாற்றுகிறார். முழுப் பதிவையும் எழுத்தாகவே அனுப்புங்கள். அதே ஆள் 2022 நவம்பருக்கு முன், அதாவது சாட்ஜிபிடி வருமுன், எழுதிய ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். இரட்டை அம்பு அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது, உங்களுக்கு அனுப்பியவர் அதை எழுதியிருக்க வாய்ப்பு குறைவு.

கே: ஆலயக் குழுவில் வந்த இரங்கல் செய்தியில் சொற்களின் இருபுறமும் நட்சத்திரக் குறிகள், நடுவே சதுர அடைப்புக்குள் "பெயர்" என்று இருந்தது. (சுங்கை சிப்புட் நகர்)

ப: இது உறுதியாக ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டியது. தடித்த எழுத்துக்குப் புலனத்தில் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் போதும். ஏஐ இரண்டு போடும், மிச்சம் வெளியே தெரியும். அடைப்பு, பெயரை நிரப்ப விட்ட இடம். "நிச்சயமாக, இதோ நீங்கள் கேட்ட இரங்கல் செய்தி" என்ற முதல் வரியும் சில சமயம் கூடவே வரும். ஆனாலும் செயலாளரைத் திட்டாதீர்கள். தமிழில் எழுதத் தயங்குபவர் உதவி பெறுவதில் தவறில்லை. இறந்தவர் பெயரையும் சடங்கு நேரத்தையும் சரிபார்க்காமல் அனுப்பியதுதான் தவறு, அதைச் சொல்லுங்கள்.

கே: கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இருந்தால் ஏஐயா?

ப: தமிழ் விசைப்பலகைகளே அவற்றை இடுவதுண்டு. இதை வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கே: நம் ஊர் வரலாறு என்று நூற்பெயர்களோடு நீண்ட பதிவு ஒன்று சுற்றுகிறது. நம்பலாமா? (எல்ஃபில்)

ப: முதலில் ஆண்டுகளைத் தட்டிப் பாருங்கள். 1948 ஜூன் 16ஆம் நாள் எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் பின் சூன் தோட்டத்தில் இருவருமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மலாயாவில் அவசரகால ஆட்சி அதைத் தொடர்ந்து வந்தது. முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், அவர் நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தொடங்கியது. இவற்றில் ஒன்று தவறினாலே மற்றதையும் சந்தேகியுங்கள். 1948இல் "மலேசிய அரசு" என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கோ எழுதியதற்கோ வரலாறு தெரியாது. மலேசியா 1963இல் உருவானது.

பிறகு நூற்பெயர்கள். ஏஐ இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லும், பக்க எண்ணும் தரும். தேசிய நூலகப் பட்டியலில் தேடுங்கள். 13 இலக்க நூல் எண் கொடுத்திருந்தால் கணக்குப் போடலாம்: முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்கள் என ஒற்றைப்படை இடத்தில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள், இரட்டைப்படை இடத்தில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபடாவிட்டால் அந்த எண் தவறு. ஆங்கில விக்கிப்பீடியா 2025இல் ஏஐ கட்டுரைகளை விரைந்து நீக்க விதி கொண்டுவந்தபோதும் நடையை அளவுகோலாக வைக்கவில்லை. இல்லாத மேற்கோள், பயனரைப் பார்த்துப் பேசும் வரி போன்ற கையில் பிடிக்கக்கூடிய சான்றைத்தான் வைத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கே: சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவி கேட்டு உருக்கமான செய்தி. தமிழ் சுத்தமாக இருக்கிறது. ஏஐயா, உண்மையா? (ரிம்பா பஞ்சாங்)

ப: ஏஐயா என்று கேட்பதே இங்கு வீண். முன்பு மோசடிச் செய்தி கொச்சை மொழிபெயர்ப்பில் வரும், பார்த்தவுடன் தெரியும். இப்போது மோசடிக்காரருக்கும் நல்ல தமிழ் கிடைக்கிறது. உண்மையான ஏழையும் ஏஐயிடம் எழுதச் சொல்லலாம். வங்கிக் கணக்கைப் பாருங்கள். கணக்கு யார் பெயரில், நோயாளிக்கு என்ன உறவு? மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் காவல்துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அங்கே புகார் இல்லை என்று வந்தாலும் அது நற்சான்று ஆகாது. குடும்பத்தை நேரில் அறிந்த ஒருவர் கிடைக்கும்வரை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள்.

கே: 200 பேர் உள்ள குழுவின் நிர்வாகி நான். ஏஐ பதிவுகளை மொத்தமாகத் தடை செய்யலாமா? (ஜாலோங்)

ப: செய்யலாம், காப்பாற்ற முடியாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தோன்றும் தவறான விடைகள் குவிந்ததால் போட்டது. அங்கே சரிபார்க்க ஆள்படை இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஏஐ உதவி பெற்றால் கடைசி வரியில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். தகவல் என்றால் யார் சொன்னது என்று சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தனிச்செய்தியில் கேட்க வேண்டும்; குழுவில் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து "இது ஏஐதானே" என்றால் அவர் அதோடு எழுதுவதை நிறுத்திவிடுவார். அவர் பழைய பள்ளித் தமிழில் சுத்தமாக எழுதுவதே அந்தப் பழிக்குக் காரணமாகிவிடுகிறது.

நிர்வாகி கட்டாயம் பார்க்க வேண்டியவை தேதிகள். அறிவிப்பில் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாள்காட்டியில் பாருங்கள், ஏஐ இதில் அடிக்கடி சறுக்கும். திருவிழா அறிவிப்பில் திதி, நட்சத்திர நேரம் இருந்தால் அது இந்திய நேரமா என்று கேளுங்கள். நமக்கு இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும், சில சமயம் நாளே மாறிவிடும்.