திருவிருந்துத் தட்டு ஏன் பிளந்தது?
சகோதரரே, ஜெபித்துத் தொடங்கியும் ஈரம் காயாத பச்சை மரத்தில், லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) கடைந்த திருவிருந்துத் தட்டு இரண்டே நாளில் பிளந்துவிட்டது என்று வருந்தியிருந்தீர்கள். உங்கள் ஜெபத்தில் குறையில்லை, ஈரம்தான் காரணம். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் அதிகமாகவும் மையத்தை நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். அந்த இழுப்பில்தான் விரிசல் விடுகிறது.

அடுத்த முறை மரத்துண்டின் நடுமையத்தை அறுத்து விலக்கிவிட்டு, முதலில் கனமாகக் கடையுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டுக்குச் சுவரின் தடிமன் 3 செ.மீ. இருக்கட்டும். மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயவிடுங்கள். நான் அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வைப்பேன். எடை குறைவது நின்றதும் இறுதிக் கடைசல். அந்தக் காத்திருப்பு எனக்கு ஜெப நேரம்.

அப்புறம், பிளந்த தட்டை மறுபடி லேத்தில் ஏற்றாதீர்கள், சிதறி முகத்தில் அடிக்கும். வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி கண்ட குயவன் கெட்டுப்போன களிமண்ணை வேறு பாண்டமாக வனைந்தான். அதுபோல நீங்களும் அந்த மரத்தில் ஒரு சிறு சிலுவையைக் கையால் செதுக்கலாம்.